வெர்லன் டாக்கெட் எந்த ஊர்க்காரர்?

கோல்டர், அர்க்கன்சா
பிப்ரவரி 12, 1984

அன்புள்ள வெர்லன்,

சளி விட்டு நான் நலம். உன் இடுப்பு நலமா, கால் நலமா? உன் அக்கா நடீன் போடுவதை மிச்சம் வைக்காமல் சாப்பிடு. வைத்தால் அவள் எனக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவாள், பிறகு நான் பேசுவதையும் நீ கேட்க வேண்டியிருக்கும்.

நேற்று வக்கீல் க்ரென்ஷா வந்து, நான் சுட்டு வைத்த பெக்கான் பை பலகாரத்தில் பாதியைத் தின்றுவிட்டு விஷயத்துக்கு வந்தார். பெல்கிரீவ் தானியக் கிடங்கில் லாரியைத் தூக்கிச் சாய்க்கும் எந்திரத்தின் சங்கிலி அறுந்தது தெய்வச் செயல் இல்லையாம், துருப்பிடித்தது தெரிந்தும் மாற்றாமல் விட்டிருக்கிறார்களாம். உன் லாரியும் நீயும் அதனடியில் மாட்டியதற்குக் கம்பெனிதான் பொறுப்பு என்று நம் மாவட்டத்துக் கவுண்டி கோர்ட்டில் கேஸ் போடப் போகிறார். சரியென்று சொன்னேன். நீயும் சரியென்று எழுது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மெம்ஃபிஸில் அக்கா வீட்டுக்குப் போனாய், கால் பயிற்சி முடிந்ததும் வருகிறேன் என்றாய். எப்போது முடியும்? உன் வாயிலிருந்து ஒரு தேதியை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடுகிறது.

குளிரில் காலை மூடிக்கொண்டு படு.

உன் இமோஜீன்


மெம்ஃபிஸ், டென்னசி
மார்ச் 18, 1984

அன்புள்ள இமோஜீன்,

நான் தேவலை. ஊன்றுகோல் ஒன்று போய்விட்டது, இன்னொன்று இருக்கிறது. உனக்குச் சளி திரும்பி வரவில்லையே?

கேஸ் விஷயம் க்ரென்ஷா சொல்கிறபடி செய்யட்டும்.

வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்காமல் அத்தான் ஹாலிஸின் டிவி ரிப்பேர் கடையில் போய் உட்காருகிறேன். போன வாரம் படம் வராத டிவி ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கருகிய ஒரு துண்டு இருந்தது. மாற்றிப் போட்டதும் திரையில் ஒரு பெண் சோப்பு விற்றுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை. "கை இருக்கு மச்சான் உனக்கு" என்றார் ஹாலிஸ்.

ஞாயிறுகளில் நடீனோடு அவளுடைய சர்ச் சபைக்குப் போகிறேன். நன்றாகப் பாடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெர்லன்


கோல்டர்
ஏப்ரல் 22, 1984

அன்புள்ள வெர்லன்,

இங்கே எல்லாரும் சுகம். ஒரு ஊன்றுகோல் போனதைச் சபையில் அறிவித்தார்கள், கைதட்டாத குறைதான். மற்றதும் போகட்டும்.

கேஸ் போட்டாகிவிட்டது. க்ரென்ஷாவோடு நானும் கோர்ட்டுக்குப் போனேன். கிளார்க் ஜன்னலில் என்னோடு பள்ளியில் படித்தவள்தான் முத்திரை குத்தினாள், சற்று ஓங்கியே குத்தினாள் என்று எனக்குப் பட்டது. அவளுடைய அப்பாவின் நெல்லும் அந்தக் கிடங்கு எடைமேடையில் ஏறி இளைத்துத்தானே வந்தது. இந்தக் கவுண்டியில் பெல்கிரீவின் எடையை நம்பும் ஒருவரைக் கண்டுபிடித்து ஜூரியில் உட்கார வைப்பதற்குள் கம்பெனிக்கு நாக்குத் தள்ளிவிடும் என்கிறார் க்ரென்ஷா. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் நம் பக்கம் சொன்னால் போதுமாம்.

டிவியில் சோப்பு விற்ற பெண்ணைப் பற்றி நாலு வரி எழுதினாய். வீட்டுக்கு எப்போது வருவாய் என்று கேட்டிருந்தேன், அதற்கு ஒரு வரி இல்லை. மறந்திருப்பாய்.

வேளைக்கு மாத்திரை போடு.

உன் இமோஜீன்


கோல்டர்
மே 27, 1984

அன்புள்ள வெர்லன்,

நான் நலம், ஆனால் கோபமாக இருக்கிறேன். நீ நலமா?

நம் கேஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நம்மைக் கேட்கவில்லை, நம் ஜட்ஜைக் கேட்கவில்லை. ஒரு காகிதம் போட்டார்கள், கேஸ் ஜோன்ஸ்பரோவில் மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டில் இருக்கிறது. எப்படி ஐயா இது என்று க்ரென்ஷாவைப் பிடித்துக் கேட்டேன்.

"கம்பெனி டென்னசி. நீங்க அர்க்கன்சா. ரெண்டு மாநிலத்துக்காரங்க மோதிக்கிட்டா, உள்ளூர் ஜூரி வெளியூர்க்காரனுக்கு ஓரவஞ்சனை பண்ணிடும்னு கம்பெனிக்காரன் ஃபெடரலுக்குக் கொண்டுபோகலாம். சட்டம் விடுது" என்றார்.

பண்ணத்தான் பண்ணும், அதற்குத்தானே அங்கே போட்டோம் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

ஜோன்ஸ்பரோவில் பல கவுண்டிகளிலிருந்து ஜூரி எடுப்பார்களாம். எடைமேடையைக் கண்ணால் பார்க்காதவர்கள் வருவார்கள். அதோடு அங்கே ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஒரே தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். நம் சபையில் தரைவிரிப்புக்கு ஒரு நிறம் எடுக்கவே எல்லாரும் ஒத்துப்போகவில்லை.

கிளம்பும்போது க்ரென்ஷா கதவருகே நின்று, "வெர்லன் இப்ப எங்க இருக்கார்னு சொன்னீங்க?" என்றார். மெம்ஃபிஸில் அக்கா வீட்டில் என்றேன். அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே வெகுநேரம் நின்றார். அது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

அதிகம் நடக்காதே, நடக்காமலும் இருக்காதே.

உன் இமோஜீன்


மெம்ஃபிஸ்
ஜூன் 10, 1984

அன்புள்ள இமோஜீன்,

நான் சுகம். இந்த வெயிலில் உனக்குத் தலைவலி வருமே, வந்ததா?

க்ரென்ஷா ஏன் நின்றார் என்று தெரிந்துவிட்டது, போன் செய்தார். கம்பெனி மெம்ஃபிஸ்காரன். நானும் மெம்ஃபிஸ்காரன்தான் என்று ஆகிவிட்டால் இரண்டு பேரும் ஒரே மாநிலம். அப்புறம் ஃபெடரல் கோர்ட்டுக்கு இதில் வேலையே இல்லை, கேஸை நம் கவுண்டிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதாவது கேஸ் ஊருக்கு வர வேண்டுமானால் நான் ஊரைவிட்டுப் போனவனாக இருக்க வேண்டும். இதைக் கேட்டு ஹாலிஸ் சிரித்ததில் கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டார்.

எங்கே படுக்கிறேன் என்பது மட்டும் கணக்கில்லையாம். கேஸ் போட்ட நாளில் திரும்பிப் போகும் எண்ணம் மனதில் இருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வியாம். "நல்லா யோசிச்சு உண்மையைச் சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்ல மாட்டேன்" என்றார் க்ரென்ஷா. யோசிக்கிறேன் என்றிருக்கிறேன்.

இது சட்டத்துக்குத்தான். நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

தொப்பி போடாமல் தோட்டத்தில் நிற்காதே.

வெர்லன்


கோல்டர்
ஜூன் 24, 1984

அன்புள்ள வெர்லன்,

தலைவலி வந்தது, போயிற்று. உன் கால் வீங்குகிறதா?

செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் வந்தான். கழுத்தில் டை, தோளில் கேமரா. பெல்கிரீவின் வக்கீல்கள் அனுப்பிய ஆளாம். விரட்டலாம் என்றுதான் கதவைத் திறந்தேன், பிறகு என்னதான் வேண்டும் என்று பார்ப்போமே என்று விட்டுவிட்டேன். அவனுக்கு வேண்டியது நீ. நீ இந்த ஊர்க்காரன்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். தபால் பெட்டியில் உன் பெயரைப் படம் எடுத்தான். லாரியின் நம்பர் தகட்டை எடுத்தான். உன் மீன்பிடி லைசென்ஸைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தான். கொட்டகையில் கிடக்கும் உன் பூட்ஸைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நாம் கல்யாணம் செய்த நாளிலிருந்து உன் பூட்ஸை அத்தனை ஆசையாகப் பார்த்தவர் வேறு யாரும் கிடையாது.

"இவ்வளவும் விட்டுட்டுப் போனவர், திரும்பி வராமலா இருப்பார்?" என்றான்.

அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது வெர்லன். உன் காலை நொறுக்கிய கம்பெனியின் ஆளுக்குப் பெக்கான் பை வெட்டிக் கொடுத்தேன். நம் வக்கீல் நீ வரமாட்டாய் என்கிறார், எதிராளி வருவாய் என்கிறான். நான் யார் ஜெயிக்க வேண்டிக்கொள்வது?

யோசித்து முடித்தாயா? க்ரென்ஷாவிடம் என்ன சொன்னாய்?

காலை உயரமாக வைத்துத் தூங்கு.

உன் இமோஜீன்


மெம்ஃபிஸ்
ஜூலை 8, 1984

அன்புள்ள இமோஜீன்,

நான் சுகம், வீக்கம் குறைவு. நீயும் நலமாக இருப்பாய்.

கடையில் வேலை அதிகம். வெயில் காலத்தில் எல்லா டிவியும் ஒன்றாகப் படுத்துக்கொள்கின்றன. க்ரென்ஷா என்னை எதையும் வெளியே பேச வேண்டாம் என்கிறார், ஜட்ஜ் கேட்கும்போது சொன்னால் போதுமாம்.

பூட்ஸில் எலி புகாமல் பார்த்துக்கொள்.

வெர்லன்


கோல்டர்
ஜூலை 29, 1984

வெர்லன்,

நலம். நலமா?

புதன்கிழமை சபைக் கூட்டம். கூரைச் செலவு பேசி முடிந்ததும் பாஸ்டர் ஒரு காகிதத்தை எடுத்தார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு வாசித்தார். சகோதரர் வெர்லன் டாக்கெட் மெம்ஃபிஸில் எங்கள் சபையில் சேர்ந்துவிட்டார், அவருடைய அங்கத்துவத்தை எங்களுக்கு மாற்றித் தாருங்கள் என்று நடீனுடைய சபை கேட்டிருக்கிறது. மார்ச் மாதமே கேட்டிருக்கிறார்கள், நம் பாஸ்டர் எங்கோ வைத்து மறந்திருக்கிறார்.

அனுப்பி வைக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். யாரும் தூக்கவில்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். யாராவது ஒருவர் தொடங்கத்தானே வேண்டும், நான் தூக்கினேன். பிறகு மற்றவர்கள் தூக்கினார்கள்.

மார்ச்சில் கேஸே கிடையாது. க்ரென்ஷாவுக்கு இந்த யோசனையே வரவில்லை. சட்டத்துக்குத்தான் என்று எனக்கு எழுதினாயே. இந்தச் செய்தி ஊரிலிருந்து க்ரென்ஷா காதுக்குப் போய்விட்டது. அவர் சந்தோஷத்தில் இருக்கிறார்.

இமோஜீன்


மெம்ஃபிஸ்
ஆகஸ்ட் 26, 1984

அன்புள்ள இமோஜீன்,

நீ நலமாக இருக்கிறாயா என்று தெரியவில்லை. இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பகலெல்லாம் வீட்டில் இல்லாமல் எங்கே போகிறாய்? உன் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உயிரோட நல்லாத்தான் இருக்கு. வேற எதுவும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்றான்.

சபை விஷயத்தை உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஜோன்ஸ்பரோவில் விசாரணை. என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். அவ்வளவு தூரம் நீ வர வேண்டாம்.

ஒரு வரியாவது எழுது.

வெர்லன்


கோல்டர்
செப்டம்பர் 30, 1984

அன்புள்ள வெர்லன்,

நலமாகத்தான் இருக்கிறேன். ஒரு ஊன்றுகோலும் இல்லாமல் நீ கூண்டுவரை நடந்ததைப் பார்த்தேன். வர வேண்டாம் என்று எழுதினால் நான் வராமல் இருந்துவிடுவேனா? கடைசி வரிசையில், குண்டான ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் உன்னைப் பார்க்காமல் வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பார்த்திருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன்.

கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர். வீடு, லாரி, லைசென்ஸ், பூட்ஸ் படம் எல்லாவற்றையும் கடை விரித்தார். பெண்டாட்டி இருக்கும் இடம்தான் ஆண்பிள்ளைக்கு வீடு, சட்டமும் அப்படித்தான் நினைக்கும் என்றார். எனக்குத் தலையாட்டத் தோன்றியது. பிறகு அவர் கேட்டது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நீ மறந்திருந்தால் என்று எழுதுகிறேன்.

"மெம்ஃபிஸ்லயே தங்கிடறதா முடிவு பண்ணீங்கன்னு சொல்றீங்க. சரி, மனைவியை அங்க வரச் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"இல்ல."

"அப்ப, திரும்பிப் போற எண்ணம் இருந்ததாலதானே வரச் சொல்லல?"

நீ தரையைப் பார்த்தாய். அந்த ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நிதானமா பதில் சொல்லுங்க, மிஸ்டர் டாக்கெட்" என்றார். அவர் குரலில் வக்கீல் வேலை எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. எனக்கும் அதே ஆசைதான்.

"கேட்டா வரமாட்டேன்னு சொல்லிடுவா. அவ அப்படிச் சொல்லிட்டா நான் திரும்பிப் போயாகணும். அவகிட்ட முடியாதுன்னு என்னால சொல்ல முடியாது. எனக்குப் போக வேணாம்னு இருந்துச்சு. அதான் கேக்கவே இல்ல."

க்ரென்ஷா குனிந்து எதையோ எழுதுவதுபோலச் சிரிப்பை மறைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை மாதம் மனதில் வைத்திருந்ததைப் பைபிள் மேல் கை வைத்து, கறுப்பு அங்கி போட்ட ஒரு அந்நியரிடம் சொல்லியிருக்கிறாய். நான் கடிதத்துக்குக் கடிதம் கேட்டேனே.

என்னிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேள். அதுவரை நான் பதில் சொல்வதாக இல்லை.

உன் கால் வலிக்கும்போது வலது பக்கம் சாய்கிறாய், அதைப் பயிற்சிக்காரரிடம் சொல்.

இமோஜீன்


மெம்ஃபிஸ்
அக்டோபர் 14, 1984

அன்புள்ள இமோஜீன்,

நான் சுகம். பயிற்சிக்காரரிடம் சொன்னேன், உன் பெண்டாட்டிக்குக் கண் இருக்கிறது என்றார். நீ எப்படி இருக்கிறாய்? ஜோன்ஸ்பரோவுக்கு யார் உன்னைக் கூட்டி வந்தார்கள்? காரைத்தான் வசந்த காலத்திலேயே விற்றுவிட்டாயே.

உத்தரவு வந்துவிட்டது. கேஸ் போட்ட நாளில் நான் அர்க்கன்சாக்காரன் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும், அதை அவர்கள் செய்யவில்லை, ஆகவே கேஸ் கவுண்டி கோர்ட்டுக்கே போகட்டும் என்று ஜட்ஜ் எழுதியிருக்கிறார். இனி நம் ஊர் ஜூரிதான், நம் ஊர் ஒன்பது பேர்தான்.

நீ கேட்கச் சொன்னாய். அதற்கு முன் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கோல்டரில் நான் லாரி ஓட்ட முடியாத லாரிக்காரன். கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த நம் ஆட்கள் படுக்கையைச் சுற்றி நின்று, நான் செத்துவிட்டதுபோல மெதுவாகப் பேசினார்கள். நீயும் அப்படித்தான் பேசினாய் இமோஜீன், நீ என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது. இங்கே யாருக்கும் என்னை முன்னால் தெரியாது. டிவி ரிப்பேர்க்காரன் என்றுதான் தெரியும், அவனுக்கு இரண்டு கை போதும்.

உன்னைவிட்டுப் போக நினைத்ததில்லை. கோல்டரைவிட்டுப் போக நினைத்தேன், நீ அதில் அகப்பட்டுக்கொண்டாய்.

இப்போது கேட்கிறேன். நீ மெம்ஃபிஸுக்கு வந்துவிடுகிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொண்டு பதில் எழுது.

வெர்லன்


கோல்டர்
அக்டோபர் 21, 1984

அன்புள்ள வெர்லன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். மற்றபடி நலம்.

நான் மெதுவாகப் பேசியது உண்மை. நீ செத்துவிடுவாய் என்று பயந்துபோயிருந்தேன். இனிமேல் அப்படிப் பேசமாட்டேன், இந்தக் கடிதத்திலேயே பார்.

கேட்டாய், பதில் சொல்கிறேன். வரமாட்டேன். மெம்ஃபிஸ் எனக்கு வேண்டாம். நீ பயந்தது சரிதான்.

இப்போது நீ உன் பங்குக்கு வா. அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் நான் திரும்பிப் போயாக வேண்டும் என்று ஃபெடரல் கோர்ட்டில் சத்தியம் செய்தவன் நீ. நானாகக் கற்பனை செய்யவில்லை, தட்டெழுத்துப் பெண் ஒருத்தி வார்த்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தியத்தால் கேஸ் திரும்பி வந்துவிட்டது. நீ வராவிட்டால் அது பொய்ச் சத்தியமாகிவிடும், நான் அதை ஜட்ஜுக்கு எழுதுவேன். அவர் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர், கட்டாயம் படிப்பார்.

நீ வந்தால் கேஸ் மறுபடி ஜோன்ஸ்பரோவுக்கு ஓடிவிடுமோ என்று க்ரென்ஷாவைக் கேட்டேன். கேஸ் போட்ட நாளன்று உன் மனதில் என்ன இருந்தது என்பதுதான் கணக்காம், அதற்குப் பிறகு நீ நிலாவில் குடியேறினாலும் சட்டம் கவலைப்படாதாம். அப்படியானால் ஏப்ரலில் நீ மெம்ஃபிஸ்காரன், அதை விட்டுவிடுகிறேன். இது அக்டோபர்.

டிவி வேலையை நீ விட வேண்டாம். இந்த ஊரில் ஒரு டிவி படுத்தால் ஜோன்ஸ்பரோவரை தூக்கிக்கொண்டு போகிறார்கள். மாதத்தில் ஒரு வாரம் ஹாலிஸ் கடையில் போய் இருந்துவிட்டு வா, நான் குறுக்கே நிற்கமாட்டேன். நானும் ஓரிரு நாள் வந்து நடீன் சபையின் அந்தப் பாட்டைக் கேட்கிறேன்.

ஆகஸ்ட் முழுக்கப் பகலில் எங்கே போனேன், ஜோன்ஸ்பரோவுக்கு யார் கூட்டி வந்தார்கள் என்று கேட்டிருந்தாய். யாரும் கூட்டி வரவில்லை. தம்பியை மிரட்டி உன் லாரியைப் பழுது பார்க்க வைத்தேன். அவன் வயல் பாதையில் வைத்து எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தான். கியர் மாற்றத் தெரியாமல் மூன்று வேலிக் கம்பங்களைச் சாய்த்தேன். உன்மேல் இருந்த கோபம்தான் என்னை அந்தச் சீட்டில் ஏற்றியது, இறங்க மனமில்லாமல் போனது என் பாடு. இந்த அறுவடைக்கு அவனுடைய நெல்லையும் பக்கத்துப் பண்ணை சோயாவையும் நானே ஏற்றிக்கொண்டு போனேன், பெல்கிரீவுக்கு இல்லை, அடுத்த கவுண்டிக் கிடங்குக்கு. அங்கே என்னைத் திருமதி டாக்கெட் என்று யாரும் கூப்பிடுவதில்லை, லாரிக்காரம்மா என்கிறார்கள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வா. இறங்கும் இடத்தில் லாரியோடு நிற்பேன். நீ எந்தப் பக்கம் ஏறுவது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே, ஓட்டுவது நான்தான்.

உன் இமோஜீன்